கூப்பிடு தூரம்

போனவர்கள் திரும்பி வருகிறார்கள். முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட வழிகாட்டி, அவன் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு இரண்டு புது ஜோடிகள், அப்புறம் அந்தக் குஜராத்தி அம்மாளும் அவள் வீட்டுக்காரரும். அந்த அம்மாள் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகியிருக்கிறாள், எதற்கோ சிரிக்கிறாள், எல்லோருமே சிரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. பின்னால் பாறை, பாறைக்குப் பின்னால் கடல். பின்தங்கியிருப்பார். எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், அவர் அப்படித்தான். நேற்றுக் கப்பலை விட்டு இறங்கினதும் எல்லோரும் கடலைப் பார்த்து ஆவென்று வாயைப் பிளக்க, அவர் மட்டும் அண்ணாந்து மின்கம்பத்தைப் பார்த்தார். "டீச்சருங்க, இங்கயும் நம்மூரு மாதிரியேதான் லைன் இழுத்திருக்கறாங்க" என்றார், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறின மனுஷன், லைன் இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றவர், கண் தானாக மேலேதான் போகும். மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தால் கீழே பாறை வழுக்காதா. வழுக்கியிருக்குமோ. சீ, என்ன நினைப்பு. பின்தங்கியிருப்பார்.

வழிகாட்டி என் பக்கத்தில் வந்ததும் கேட்டேன், அவனுக்கு என் தமிழ் புரியவில்லை, கையை உயர்த்தி இவ்வளவு உயரம், வழுக்கைத் தலை என்று காட்டினேன். அவன் திரும்பிப் பாறையைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டத்தைக் காட்டி விரல்விட்டு எண்ணினான். கணக்கு சரி என்கிறான். அவன் கணக்கு சரிதான். இவர் அவனுக்குக் காசு கொடுத்துச் சேர்ந்தவர் இல்லை, சும்மா அவர்கள் பின்னாலேயே போனவர். "நீங்க இங்கயே நெழல்ல உக்காந்திருங்க, கிட்டப் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பை இன்னும் மடியில்தான் இருக்கிறது. அவருடைய செல்போன், சர்க்கரை மாத்திரை, படிக்கிற கண்ணாடி, ஒரு பொட்டலம் முறுக்கு. எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வருவதற்காகத்தான் கொடுப்பார், இல்லையா. என் முதல் வீட்டுக்காரர் துரைசாமி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில்தான் கொடுத்தார். ஐயோ, அதை இப்போது எதற்கு நினைக்கிறேன். அது வேறு. அது மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, டாக்டர் முன்னாலேயே சொல்லி, ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போய், எனக்கே எப்போது முடியும் என்று ஆகி, அப்புறம் முடிந்தது. அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். இது என்ன காத்திருப்பு, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லையே.

கடல் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் கோபமாக வருகிறது. கரை ஓரத்தில் கழுவின கண்ணாடி மாதிரி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கப்புறம் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கருநீலம். கோடு என்பது அலை உடைகிற இடமாம், அங்கேதான் பவளப்பாறை முடிந்து ஆழம் தொடங்குகிறதாம். நாங்கள் வந்தபோது அந்தக் கோடு வரைக்கும் தண்ணீரே இல்லை. யாரோ கடலை மடித்து எடுத்துவைத்த மாதிரி வெறும் பாறை, நடுநடுவே குழிகளில் தேங்கின தண்ணீர், குழிக்குள் கத்தரிப்பூ நிறத்தில் மீன், முள்ளு முள்ளாக உருண்டைகள், கறுப்பாக அட்டை மாதிரி ஏதோ ஒன்று. இடது கைப் பக்கம் பாறை ஒரு திருப்பம் திரும்புகிறது, அந்தத் திருப்பத்துக்கு அப்பால் பெரிய கல்லு வளைவு இருக்கிறது, கடலே குடைந்து செய்ததாம், அதைப் பார்க்கத்தான் எல்லோரும் போவது. நானும் போயிருக்கலாம். முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலி பொய் இல்லை. ஆனால் தண்ணீர் திரும்பி வரும் என்று விடுதிக்காரர் சொன்னதும் எனக்குக் காலே எழும்பவில்லை. நான் உடுமலைப்பேட்டைக்காரி. எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் முறை வைத்து வருவது. இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுத்தான் திறப்பார்கள். இங்கே யார் திறக்கிறார்கள், யார் சொல்கிறார்கள். அதோ, அந்தக் குழி, சற்று முன்னால் தனியாக இருந்தது, இப்போது பக்கத்துக் குழியோடு சேர்ந்துவிட்டது. சத்தமே இல்லை. வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி மெதுவாக, விரல் விரலாகப் பாறை இடுக்கில் வருகிறது. அவருக்குத் தெரியுமா. அவர் அந்தத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் இது தெரியாது.

எழுந்து நின்றுவிட்டேன். நின்றால் நிறையத் தெரியும் என்று நினைப்பு. ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடுவார். "ஏனுங்க" என்று வாயெடுத்தேன், வாயிலேயே நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷம் நான் 'ஏனுங்க' என்று கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தது ஒரே முகம்தான். இப்போது கூப்பிட்டாலும் என் மனசுக்குள் துரைசாமிதான் திரும்புகிறார், தேங்காய்க் கிட்டங்கியில் நின்றுகொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன?" என்கிறார் சலிப்பாக. அவரைக் கடலில் போய்த் தேடுவதா. கல்யாணமாகி இன்னும் ரெண்டு மாதம் ஆகவில்லை, இவரை நான் ஒரு தடவைகூட எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது இங்கே, இந்த மணலில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. வீட்டில் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. காப்பி வைத்தால் டம்ளர் சத்தத்தில் வந்துவிடுவார். சாப்பாடு ஆயிற்று என்றால் தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன். ஒரு தடவை கேஸ்காரன் வந்து நின்றபோது நானே மாடிக்கு ஏறிப்போய் அவர் முன்னால் நின்று, "கேஸ் வந்திருக்குதுங்க" என்றேன். மாடி ஏறினேனே ஒழியக் கூப்பிடவில்லை. அவர் மட்டும் 'டீச்சருங்க' என்கிறார். சத்துணவுக் கூடத்தில் பொறுப்பாளராக இருக்கிறவளுக்கு ஊரில் எல்லோரும் வைத்த பேர் அது, நான் டீச்சரும் இல்லை. நீங்க, வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா. இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பட்டுவிடாமல், பட்டால் 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்லிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த மாதிரி ஒரு குடித்தனம்.

பழகினதே குரலாகத்தான். கண் ஆபரேஷன் முகாமில் ஒரே நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் புரை எடுத்தார்கள். கட்டுப் போட்டு வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஓர் ஆண் குரல் யாரிடமோ, "ஏப்பா, அந்த ட்யூப் லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது பாரு, சோக்கு போயிருச்சு" என்றது. கண்ணைக் கட்டியிருக்கும்போது லைட்டு மினுக்குவது எப்படித் தெரியும் என்று வாய்விட்டுக் கேட்டுச் சிரித்துவிட்டேன். "சத்தம் கேக்குதுங்களே" என்றது குரல். அவ்வளவுதான் தொடக்கம். அப்புறம் சொட்டுமருந்து வாங்கப் போன இடத்தில், மறுபரிசோதனையில், ஒரு தடவை பஸ்ஸில். மனைவி போய்ப் பல வருஷம், பிள்ளைகள் இல்லை, ஒண்டிக்கட்டை. "தனியா சமைச்சுத் தனியாச் சாப்பிட்டா உப்பு சரியா இருக்குதான்னு கேக்கக்கூட ஆளில்லீங்க" என்றார் ஒரு நாள். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நான் சாம்பாரில் உப்பே போடவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. என் மகன் கதிரவன் திருப்பூரில் இருக்கிறான், அவனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "உங்க இஷ்டம்மா" என்றான். அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பதிவு ஆபீசுக்கு வரவில்லை. அன்றைக்கிலிருந்து போன் எடுத்தால், "நல்லாருக்கீங்களா, சரி வச்சர்றேன்." இப்போது அவனுக்கு நான் என்ன சொல்வேன். அம்மா அந்தமானுக்குப் போனேன், போன இடத்தில்... ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், வார்த்தை வார்த்தையாகத் தெரியும். ரெண்டாவதையும் முழுங்கிட்டா. வயசான காலத்தில் கல்யாணம், அதில் தேன்நிலவு வேற. அவ ராசி அப்படி.

இல்லை, வருவார். இது சின்னத் தீவு. தொலைந்துபோக முடியாத அளவுக்குச் சின்னது. வருவதற்கு முன்னால் வீட்டில் பழைய அட்லஸை விரித்துக் காட்டினார், நீலத்தில் பொரியைச் சிந்தின மாதிரி புள்ளிகள், அந்தப் பக்கம் பர்மா, இந்தப் பக்கம் நம்மூர். "இதுல ஒரு புள்ளி மேல போயி நிக்கணும்னு பள்ளிக்கூடத்துலயே நெனச்சேனுங்க" என்றார். அந்தப் புள்ளிக்குப் பேர் நீல் தீவு. இப்போது வேறு பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் நீல் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே ரோடு. இந்த முனையில் கடல், அந்த முனையில் கடல், ஆட்டோக்காரர் மூன்றாவது கியர் போடுவதற்குள் தீவு முடிந்துவிடுகிறது. ஆனால் நடுவில் போய் நின்றால் கடல் இருப்பதே தெரியாது, அதுதான் அதிசயம். வாழைத் தோப்பு, பாக்கு மரம், வேலி போட்ட கத்தரிக்காய்த் தோட்டம், குட்டையில் வாத்து, கொடியில் காயும் பாவாடை. இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் காய்கறி இங்கிருந்துதான் போகிறதாம். இன்று காலையில் அந்தக் கத்தரித் தோட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது, வங்காளிப் பெண் ஒருத்தி குத்துக்காலிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தாள், நம்மூர்க் களைதான், கோரை. மத்தியானம் கடைத்தெருவில் எல்லாக் கடையும் சாத்திவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். நடுரோட்டில் நாய் தூங்குகிறது, ஆட்டோ அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. லாரி ஆரன் இல்லை, தறிச் சத்தம் இல்லை. ராத்திரி அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வராமல் புரண்டேன். அவர் தூங்கினார். என்ன அழகான ஊருங்க என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கினார். அதுவரை சரி. தொலைந்துபோக முடியாத ஊர்தான். கரையில் இருக்கிறவனுக்கு. கரையை விட்டு இறங்கினால் ஊர் எங்கே இருக்கிறது, எல்லாப் பக்கமும் கடல்தானே.

பொழுது வேறு சாய்கிறது. இங்கே சூரியனுக்கு அவசரம், நம்மூரில் சாயங்காலக் காப்பிக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் இங்கே விளக்கு வைத்துவிடுகிறார்கள். குழிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. பாறை இப்போது திட்டுத் திட்டாக, எருமைக் கூட்டம் முதுகு காட்டிப் படுத்திருக்கிற மாதிரி. நான் தண்ணீர் ஓரத்துக்கு எப்போது வந்தேன் என்று தெரியவில்லை, செருப்பு மேலேயே கிடக்கிறது. கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "குழந்தைவேலூ." கட்டின புருஷன் பேரை நான் வாய்விட்டுச் சொல்வது ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை. சத்துணவுக் கூடத்தில் ஒரு குரல் கொடுத்தால் மைதானத்துக் கடைசியில் பம்பரம் விடுகிறவன்கூட தட்டோடு ஓடிவருவான், அப்படிப்பட்ட தொண்டை. அலைச் சத்தம் அதை அப்படியே வாங்கி விழுங்கிக்கொண்டது. இன்னொரு தடவை. "குழந்தைவேலூ, குழந்தே..." மீதி வரவில்லை. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம்.

"என்னக்கா, புள்ளையைக் காணுமா? எத்தினி வயசு குழந்தைக்கு?"

மேலே மரத்தடியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவள். தமிழ். இந்த ஊரில் தமிழ் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அறுபத்தொண்ணு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இந்த அம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இருந்தது. "எங்க வீட்டுக்காரருங்க. பேரே குழந்தைவேலுதானுங்க. அந்தத் திருப்பத்துக்கு அக்கட்டால போனாரு, இன்னும் வரல." அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வேறொரு நேரத்தில் வந்திருக்கும். "அட, பயப்படாதீங்கக்கா. நெறையப் பேரு திரும்பி இப்படி வரமாட்டாங்க. பாறையோட அப்படியே சுத்திப் போயி அந்தப் பக்கத்துக் கரையில ஏறிருவாங்க. அங்க ஆட்டோ நிக்கும். எங்க கொழுந்தன் அங்கதான் நிப்பாரு, கேக்குறேன் இருங்க." அவள் பேர் எஸ்தர், தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டே சொன்னாள். அவள் பேசப் பேச எனக்கு அப்படியே நம்பிக்கை வந்துவிட்டது. ஆமாம், சுற்றிக்கொண்டு போயிருப்பார். ஆட்டோக்காரரோடு கம்பம், டிரான்ஸ்பார்மர் என்று பாஷை தெரியாமலே பேசிக்கொண்டிருப்பார். வரட்டும். வந்ததும் ஒன்றும் சொல்லக் கூடாது, பையைக் கொடுத்துவிட்டு முறுக்கு சாப்பிடுங்க என்று சொல்ல வேண்டும். எஸ்தர் காதிலிருந்து போனை எடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "அங்க யாரும் வரலையாம்" என்றாள் மெதுவாக. அப்புறம் கடலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியுமாக்கா அவருக்கு?" என்று கேட்டாள்.

தெரியாது. அவருக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. அவர் ரத்தம் என்ன வகை என்று தெரியாது. அவர் அம்மா பேர் தெரியாது. அடிபட்டால் அவர் என்ன சொல்லிக் கத்துவார் என்று தெரியாது. உப்பு எவ்வளவு வேண்டும் என்று தெரியும், மோர் புளிக்கக் கூடாது என்று தெரியும், அவ்வளவுதான் தெரியும். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளுமா. யாருக்காக அடித்துக்கொள்கிறது, அவருக்காகவா, ஊர் சொல்லப்போகிற வார்த்தைக்காகவா, 'உங்க இஷ்டம்மா' என்றானே அந்தப் பையனுக்கு முன்னால் தோற்றுப் போவதற்காகவா. ஒருவேளை துரைசாமிக்காக அன்றைக்கு அடித்துக்கொள்ளாமல் போனது, டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டதால் அடித்துக்கொள்ளாமல் உள்ளேயே இருந்தது, இப்போது வேறொருத்தர் பேரில் வெளியே வருகிறதா. அதெல்லாம் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். தண்ணீர் குளிரவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது, வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த மாதிரி. முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் எஸ்தர், "அக்கா, அக்கா, பாறை அறுக்கும், நில்லுங்க" என்று கத்துகிறாள். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை, மாத்திரை நனைந்துவிடும் என்றுதான். காலடியில் கூர் கூராக இருக்கிறது. வலிக்கவில்லை. ஒரு அலை வந்து இடுப்பில் இடித்தது, தள்ளியது, திரும்ப இழுத்தது. புடவை முழுக்கத் தண்ணீரில் விரிந்து மிதக்கிறது. முருகா, எனக்கும் நீச்சல் தெரியாதே.

எஸ்தர் என் தோளைப் பிடித்தாள். இன்னொரு கையில் இளநீர்க் காய் பறிக்கிற நீளமான தொரட்டி. "சொன்னா கேக்க மாட்டீங்களா? எம் பின்னால வாங்க. நான் கால் வைக்கிற எடத்துல மட்டும் வைங்க." அவள் முன்னால், தொரட்டியின் அடிக்கட்டையால் தண்ணீருக்குள் குத்திப் பார்த்துக்கொண்டு, நான் பின்னால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாறையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தோம். அலை வரும்போது அவள் நிற்பாள், நானும் நிற்பேன், போனதும் நகர்வோம். திருப்பம் வந்தது. திருப்பத்தில் பாறை என் கன்னத்தில் உரசியது, உப்பும் பாசியும் நாறியது. திரும்பினோம். கல்லு வளைவு தெரிந்தது, பெரிய கோயில் வாசல் மாதிரி, அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஆகாசம். அதன் அடியில், ஒரு திட்டின் மேல், தனியாக அவர். நின்றுகொண்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, இரண்டு கையிலும் செருப்பைப் பிடித்துக்கொண்டு, நேராக நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவுதான் தூரம். கூப்பிடு தூரம்கூட இல்லை.

"இவருதானா?" என்றாள் எஸ்தர். நான் தலையை ஆட்டினேன். அவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு செருப்பை உயர்த்திக் காட்டினார். "மீனு ஒண்ணு பாத்துட்டு நின்னேனுங்க, திரும்பிப் பாத்தா தண்ணி வந்துருச்சு" என்று கத்தினார், அந்தப் பக்கமிருந்து, யார் வீட்டு மணியையோ தவறிப்போய் அடித்துவிட்ட மாதிரி ஒரு குரலில். "எறங்கிப் பாத்தேன், ஆழம் தெரியல. கம்பத்துல ஏறச் சொன்னா ஏறிருவேன். இது ஆகாதுங்க." எஸ்தர் ஒரு அலை போகும்வரை பொறுத்திருந்து தொரட்டியை நீட்டினாள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு அவர் அதைப் பிடித்தார். பிடித்த பிடியைப் பார்த்தேன், முப்பது வருஷம் கம்பம் பிடித்த கை, அதில் பயம் இல்லை, காலில்தான் இருந்தது. நெஞ்சு வரைக்கும் இறங்கினார், ஒரு நிமிஷம் முகம் காணாமல் போனது, அந்த ஒரு நிமிஷம் நான் என்ன ஆனேன் என்று எனக்கே தெரியாது, அப்புறம் இருமிக்கொண்டு எங்கள் பக்கம் ஏறினார். செருப்பு இரண்டும் தனித்தனியாக மிதந்து வளைவுக்குள் போயின.

அப்படியே எஸ்தர் பின்னாலேயே கரைக்கு வந்து சேர்ந்தோம். காலில் மணல் பட்டது. எஸ்தர் தொரட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் முட்டியில் கையை வைத்துக் குனிந்து நின்றார், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "டீச்சருங்க..." என்று ஆரம்பித்தார்.

"டீச்சரு கீச்சருன்ன, பல்லப் பேத்துருவேன்" என்றேன். அது என் குரல்தான். "அறிவிருக்குதா உனக்கு? அறுபது வயசாச்சு, மீன் பாத்துட்டு நின்னாராம், மீனு! நான் இங்க ஒருத்தி உசுரக் கையில புடிச்சுட்டு நிக்கறேன்னு தோணுச்சா? கூப்பிடறதுதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"கூப்பிட்டேனுங்க. டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டுட்டேதான் இருந்தேன். கேக்கலீங்களா?"

"நானும்தான் கூப்பிட்டேன்."

"எனக்கும் கேக்கலியே" என்றார்.

எஸ்தர் பக்கத்தில் நிற்கிறாள், அந்தப் புது ஜோடிகள் மேலே ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு எங்களையே பார்க்கிறார்கள், பாஷை தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியும். நான் நிறுத்தவில்லை. நீ, வா, போ, உனக்கென்ன என்று என்னென்னவோ சொன்னேன். துரைசாமியை வாழ்நாளில் ஒரு தடவை அப்படிப் பேசியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவர் தலையைக் குனிந்து, காதிலிருந்து தண்ணீரை விரலால் எடுத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "இத்தன நாளா ஒரம்பரை வூட்டுக்கு விருந்தாளியா வந்து தங்குன மாதிரியே இருந்துச்சுங்க" என்றார், எஸ்தருக்குக் கேட்காத மாதிரி மெதுவாக. "இன்னிக்குத்தான் நம்ம வூடு மாதிரி இருக்குது." சிரிக்கப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. துரைசாமி போன பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது நிம்மதி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. யாராவது நேரத்துக்கு வரவில்லையென்றால் வாசலைப் பார்க்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே போட வேண்டியதில்லை. கதிரவன் இருக்கிறான், ஆனால் அவனுக்காகப் பயப்பட ஒருத்தி வந்துவிட்டாள், அந்தப் பயத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். அந்த நிம்மதி இன்றைக்குப் போய்விட்டது. இனிமேல் இவர் மாடிக்குப் போனால் படி வழுக்குமா என்று இருக்கும், கடைக்குப் போனால் ரோடு தாண்டினாரா என்று இருக்கும், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று இருக்கும். ஒருத்தரில் ஒருத்தர் போகிற வரைக்கும் இனி இதுதான். உப்பு சரியா இருக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும் என்றுதான் வந்தேன். இதற்கு நான் வரவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடம், குழி, மீன், எருமை முதுகுகள் எல்லாம் போய் ஒரே தண்ணீராக இருந்தது, மேலே நட்சத்திரம்கூட ஒன்று வந்துவிட்டது. இப்போதும் அழகாகத்தான் இருந்தது, சனியன்.

"வாங்க, இருட்டிருச்சு, ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கேன்" என்று எஸ்தர் முன்னால் நடந்தாள். மேட்டில் ஏற வேண்டும், வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவர் எனக்குக் கை கொடுத்தார். நான் கையைப் பிடிக்கவில்லை. முதுகுப் பக்கம் அவர் சட்டையை, ஈரச் சட்டையை, ஒரு பிடி சேர்த்து அள்ளி, அறுத்துக்கொண்டு ஓடிப்போன மாட்டைத் தேடிப்பிடித்தவள் தும்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புது ஜோடியில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். அவர் இரண்டு அடி வைத்தார், நானும் இரண்டு அடி வைத்தேன். இன்னும் இரண்டு அடி.

"சட்டை கிழிஞ்சிருமுங்க" என்றார் திரும்பாமல்.

"கிழியட்டும்" என்றேன், "நட."